கச்சான் காலத்து விடிவெள்ளி

ஊவாவில் கோள் பார்க்கிறவனுக்குக் காற்றுத்தான் முதல் பஞ்சாங்கம். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது ஈரம் வற்றிப்போகிறது. கச்சான் என்கிறோம். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தரும் வாசம் அந்தக் காற்றில்தான் கொழுந்தில் ஏறுகிறது. பதுளை, பசறை, லுணுகலை வானத்தைத் துடைத்து வைப்பதும் அதே காற்று. கொழும்பில் இருப்பவர்கள் முகிலை நொந்துகொள்ளும் மாதங்களில் எங்களுக்கு வெள்ளி பளிச்சென்று முளைக்கும்.

ஆனால் அந்த மாதங்களில் மேற்கை நம்பக்கூடாது. தலைக்கு மேல் ஒரு பொட்டு முகில் இருக்காது; இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை முகட்டில் மட்டும் மறுபக்கத்து மழைமுகில் மதிலாக நிற்கும். பதுளை குழிக்குள் இருக்கிற ஊர், சுமார் 680 மீற்றர் உயரம். மாலையில் கோள் சாயும்போது முதலில் முகில் மறைக்கும், மிச்சத்தை மலை மறைக்கும். ஆகவே அந்தியில் கோள்கள் நெருங்கி நிற்கும் சேர்க்கைகளுக்கு எங்களுக்கு நல்ல காலம் மாசி. 2023 மார்ச் தொடக்கத்தில் வெள்ளியும் வியாழனும் ஏறத்தாழ அரைப் பாகை இடைவெளியில், ஒரு முழுநிலவின் அகல அளவில், மேற்கே நின்றது அப்படிப்பட்ட நாட்களில்தான். கச்சான் காலத்துக்கு உரியது கிழக்கும் விடியலும்.

2025 ஓகஸ்ட் 12 விடியலை எடுத்துக்கொள்ளுங்கள். மிதுனத்தில் வெள்ளியும் வியாழனும் ஒரு பாகைக்கும் குறைந்த இடைவெளியில் நின்றன. மூன்றரை மணி சுமாருக்கு மடுல்சீமைத் திசையில் எழுந்து, ஐந்து மணிக்கெல்லாம் நன்றாக மேலேறிவிட்டன. அந்த நேரத்தில் லயத்தில் பாதி வீடுகளில் விளக்கு எரியும். காலை வேலைக்குக் கூடும் பெரட்டுக்கு முன்னால் சமைத்து, பிள்ளைகளுக்குக் கட்டிவைத்து, தண்ணீர் பிடிக்க பீலிக்கு வரும் பெண்களுக்குத்தான் இந்தத் தோட்டத்தில் அந்த வானம் முதலில் கிடைக்கிறது. கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா குடத்தை வைத்துவிட்டுக் கேட்டார்: “மாஸ்டர், வெள்ளிக்கு ஜோடி வந்திருக்கே, பாத்தீங்களா? முந்தாநேத்து இது கீழே இல்ல நின்னுச்சு?” எந்தப் புத்தகமும் படிக்காமல், கோள் பார்க்கும் வேலையின் சாரத்தை அவர் பிடித்துவிட்டார். முந்தாநாள் எங்கே நின்றது என்ற ஞாபகம் இல்லாமல் சேர்க்கையைப் பார்த்தால் அது இரண்டு புள்ளிதான். ஞாபகம் இருந்தால் கோள் நகர்வது கண்ணுக்குத் தெரியும்.

வெள்ளி அந்த நாட்களில் வியாழனை நோக்கி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 பாகை நகர்ந்தது. கையை முழுவதும் நீட்டினால் சுண்டுவிரலின் அகலம் 1 பாகை, நடு மூன்று விரலும் சேர்ந்தால் 5, பொத்திய கை 10. இந்த அளவுகோலைத் தோட்டப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கலாம். நான் அவர்களிடம் கேட்பது ஒரே ஒரு நோட்டு. தினமும் ஒரே இடத்தில் நின்று, ஒரே மரத்தையும் ஒரே மலையையும் வைத்து, இரண்டு புள்ளியும் நேரமும். ஒரு வாரத்தில் பக்கங்களைப் புரட்டினால் வெள்ளி வியாழனைக் கடந்து சூரியன் பக்கம் இறங்குவது படமாகத் தெரியும். அதைத் தன் கையால் வரைந்த பிள்ளைக்குச் சூரிய மண்டலப் பாடத்தை மனப்பாடம் செய்யவேண்டிய அவசியமில்லை.

இன்னொரு கொடையும் எங்களுக்கு உண்டு. நாம் இருப்பது வடக்கே 7 பாகையில். சூரியனும் கோள்களும் போகும் பாதை இங்கே அடிவானத்தோடு படுத்துக்கிடப்பதில்லை. எந்த மாதமானாலும் ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கிறது. அதனால் சூரியனை விட்டு அதிகம் விலகாத புதனைக்கூட இங்கே சிரமமில்லாமல் பிடிக்கலாம். வட ஐரோப்பாவில் அது பல மாதங்களில் அடிவான மங்கலுக்குள்ளேயே கிடக்கும்.

இத்தனையையும் கெடுப்பது மானாப்புல் தீ. ஓகஸ்ட், செப்டம்பரில் மலைச் சரிவுகளுக்கு யாரோ தீ வைக்கிறார்கள். மண் போகிறது, ஊற்று வற்றுகிறது, பீலியில் தண்ணீர் மெலிகிறது. வானமும் போகிறது. புகை தாழத் தேங்கும்போது வியாழனுக்கே செம்மை தட்டிவிடும். 2024 ஓகஸ்ட் நடுவில் செவ்வாயும் வியாழனும் மூன்றில் ஒரு பாகைக்குள் நின்றபோது பார்க்கவேண்டியதே அந்த நிற வேற்றுமைதான்: ஒன்று பால் வெண்மை, மற்றது கனல், அருகில் ரோகிணி இன்னொரு செம்மை. புகையில் மூன்றும் ஒரே நிறம்.

2020 டிசம்பர் 21 பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வியாழனும் சனியும் 6 கலை இடைவெளிக்கு வந்தன; அதாவது 0.1 பாகை, நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒன்று. 1623க்குப் பிறகு அவ்வளவு நெருக்கம் இல்லை. வியாழன் நம்மிடமிருந்து சுமார் 88 கோடி கிலோமீற்றரில், சனி 160 கோடிக்கு அப்பால். நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும் கோடு இரண்டையும் சேர்த்துவைத்தது. மார்கழியோ பதுளைக்கு வாடைமழைக் காலம். ஒரே நாளை நம்பியிருந்தவர்களுக்கு முகில்தான் மிஞ்சியிருக்கும். இந்த இரண்டும் நெருங்குவது மிக மெதுவாக, நாளுக்குச் சுமார் 6 கலை. அதனால் இரண்டு வாரத்துக்கு மேலாக 1 பாகைக்குள்ளேயே இருந்தன. மழை விட்ட எந்த அந்தியும் போதும். தென்மேற்கு வெளித்தால் ஆறரை மணிக்குத் தயாராக நிற்கவேண்டும். சாதாரண 10x50 இருகண் நோக்கியை வேலிக்கட்டையில் ஊன்றினால் வியாழனின் நிலவுகளும் சனியும் ஒரே வட்டத்துக்குள் வந்தன. கை நடுங்காமல் ஊன்றுவதுதான் விலையுயர்ந்த கருவியை விட முக்கியம்.

அந்த நாளில் இருவரும் ஒரே ராசியிலா என்று கோயிலில் ஒரு கேள்வி எழுந்தது நியாயமானது. வாக்கியப் பஞ்சாங்கத்தில் குரு, அதாவது வியாழன், நவம்பர் 15லேயே மகரத்துக்குப் போயாயிற்று. சனிப்பெயர்ச்சி டிசம்பர் 27. அதன்படி 21ஆம் திகதி இருவரும் வேறு வேறு ராசி. திருக்கணிதப் பஞ்சாங்கத்திலோ சனி ஜனவரி 24லேயே மகரத்துக்குள். வானத்தில் இருவருக்கும் நடுவே சுண்டுவிரல்கூட நுழையாது. வாக்கியம் பல நூற்றாண்டுக்கு முன், மனப்பாடம் செய்யத் தக்க வாக்கியங்களாகக் கட்டப்பட்ட அற்புதமான கணக்கு; சிறு பிழைகள் கூடிக்கூடிச் சனிக்கு இன்று சில பாகை ஆகிவிட்டது. அதைக் கட்டியவர்கள் இரவெல்லாம் வெளியே நின்று பார்த்தவர்கள். அவர்களை மதிப்பதென்றால் நாமும் வெளியே வந்து பார்க்கவேண்டும் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

வியாழனும் சனியும் ஏறத்தாழ 20 ஆண்டுக்கு ஒருமுறைதான் கூடும். அடுத்தது 2040 ஒக்டோபர் கடைசி: 1 பாகைக்குச் சற்றுக் கூடிய இடைவெளி, கன்னிப் பக்கம், விடியலுக்கு முன், கிழக்கே தாழ. ஐப்பசி மழை இருக்கும். அன்றைக்கு ஒரு நாளை மட்டும் எதிர்பார்க்காமல் நவம்பர் நடு வரை தினமும் எழும்ப வேண்டும். பதுளைக் குழிக்குள் நின்று பயனில்லை. மடுல்சீமை போல, கிழக்கே நிலம் கீழிறங்கிச் சமவெளியாக விரியும் விளிம்பு வேண்டும். அந்த இடத்தை இப்போதே போய்ப் பார்த்து, எந்த மலை எங்கே மறைக்கிறது என்று நோட்டில் வரைந்து வைக்கலாம்.