பெயர் மட்டும் வந்த படம்

எங்கள் சிறுவயதில் அனலைதீவில் படமாளிகை இல்லை, குமுதம் வந்தது. ஊர்காவற்றுறையில் படகேறி எங்கள் துறைக்கு வர இதழ் பிந்தும். 1980களின் தொடக்கத்தில் அதில் வந்த சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' தொடரை வாரவாரம் கிழித்தெடுத்துத் தைத்து வைத்திருந்தார் எங்கள் மாஸ்ரர். நடப்பது பேயின் வேலையா விஞ்ஞானமா என்று தெரியாமல், அரிக்கன் லாம்பைத் தணிக்கவும் பயந்து படித்தோம். அதில் துப்புத் துலக்கும் கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். நான் சட்டம் படிக்கப் போனதற்கு அவர்களும் ஒரு காரணம்.

அதனால்தான் 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கை, அதில் தோன்றாத சட்டத்தரணியாக இருந்தும், வரிவரியாகத் தொடர்ந்தேன். நயன்தாரா நடித்த படமொன்று அதே பெயரில் வெளிவரவிருந்தது. சுஜாதா 2008இல் காலமாகிவிட்டார். நாவலின் உரிமையை அவரது மனைவியிடம் பத்து இலட்சம் ரூபாய்க்கு வாங்கியிருப்பதாகச் சொல்லி ஓர் இயக்குநர் வழக்கிட்டார்; நீதிமன்றம் படத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. இடைக்காலத் தடை தீர்ப்பல்ல. வழக்கில் சாரம் இருப்பதாகத் தோன்றுகிறதா, இப்போது தடுக்காவிட்டால் பின்னர் ஈடுசெய்ய முடியாத நட்டம் வருமா, தடையால் யாருக்குக் கூடிய இடர் என்று பார்த்துக் கொஞ்ச நாளுக்குக் கதவைச் சாத்தி வைப்பது மட்டுமே.

கதவு திறந்தது. தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்பதே காரணம். இந்திய உச்ச நீதிமன்றம் 2015இல் இன்னொரு படத்தின் வழக்கில் தெளிவாகச் சொன்ன விதி அது. வெளிவந்த படமோ, காது கேளாத, வாய் பேசாத பெண்ணொருத்தி இங்கிலாந்து மாளிகையில் கொலைகாரனிடம் அகப்படும் கதை. கணேஷ் இல்லை, வசந்த் இல்லை. எழுத்தாளனின் படைப்பைத் திரித்து அவன் பெயருக்குக் கேடு செய்தால் தடுக்கும் உரிமை, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவிலும் எங்கள் இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவிலும் உண்டு. ஆனால் இங்கே திரிப்பதற்காகக்கூட நாவலை யாரும் தொடவில்லையே.

இதற்கு நேர்மாறான வழக்கொன்று ஜெர்மனியில் நடந்தது. பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய 'டிராகுலா'வை முர்னௌ என்ற இயக்குநர் 1922இல் அனுமதியின்றிப் படமாக்கினார். பிரபு டிராகுலாவை ஓர்லொக் ஆக்கி, படத்துக்கு 'நொஸ்ஃபெராட்டு' என்று பெயரிட்டார். கதை மட்டும் அதே கதை. கைம்பெண்ணாக இருந்த புளோரன்ஸ் ஸ்டோக்கர் விடாமல் வழக்காடினார். தயாரித்த நிறுவனம் நொடித்துவிட்டதால் காசு கிடைக்கவில்லை. 1925இல் பிரதிகள் அத்தனையையும் அழிக்கும்படி உத்தரவு கிடைத்தது. ஆனாலும் சில பிரதிகள் தப்பின. நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான், கத்தி வெட்டில் சாவான். சூரிய ஒளி பட்டு இரத்தக்காட்டேரி அழிவது முர்னௌவின் படம் கொண்டுவந்த முடிவு. மூலத்துக்குச் செய்த அந்தத் துரோகத்தைத்தான் இன்றைக்கு உலகம் மூலமென்று நம்புகிறது.

பெயரை மாற்றிக் கதையை எடுத்தவன் தோற்றான். கதையை விட்டுப் பெயரை எடுத்தவன் வென்றான். சட்டத்தின் கணக்கில் இரண்டும் சரியே, ஏனென்றால் பதிப்புரிமை காப்பது எழுதப்பட்டதை. ஆனால் அந்தப் பெயரை நம்பிச் சீட்டு வாங்கும் வாசகனும் ஒரு தரப்பு அல்லவா? அந்த வழக்கு என் மேசைக்கு வந்திருந்தால் பதிப்புரிமையைப் பின்னுக்கு வைத்து, ஒருவர் ஈட்டிய நற்பெயரை இன்னொருவர் தன்னுடையதுபோலக் காட்டி விற்பது தவறு என்ற வாதத்தை முன்வைத்திருப்பேன். தலைப்பைக் கேட்டதும் சுஜாதாவை நினைப்பவர்கள் எத்தனை பேர் என்பதற்குச் சாட்சிகளை நிறுத்தியிருப்பேன். முதற்சாட்சியாக மாஸ்ரரைக் கூப்பிட்டிருப்பேன்.

படம் 2019 ஓகஸ்ட் 9ஆம் திகதி வெளியானது. அதைப் பேரனின் கைபேசியில் பார்த்துவிட்டு மாஸ்ரர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்கட கதை எப்ப தொடங்கும் எண்டு கடைசி மட்டும் பாத்துக்கொண்டிருந்தன்."

"அது வேற கதை, மாஸ்ரர்."

"அப்ப கோர்ட் என்ன சொன்னது?"

சொன்னேன். அவர் தைத்து வைத்திருந்த தொடர் இடப்பெயர்வில் தொலைந்துபோயிருந்தது. அடுத்த கிழமை யாழ்ப்பாணத்தில் நாவலை வாங்கி, ஊர்காவற்றுறைப் படகில் கொடுத்து அனுப்பினேன்.