சுங்கை சிப்புட் போகும் வழியில் ஒரு துப்பாக்கிப் பேச்சு

பள்ளி விடுமுறை என்றால் ஈப்போவுக்கு உறவினர் வருவது வழக்கம். இந்த முறை ஹூஸ்டனிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளர் வேலை. அங்கே போய்ப் பதினான்கு ஆண்டு ஆகிறது. வந்த மறுநாளே, "சின்னம்மா, பாட்டி பொறந்த தோட்டத்தைப் பாக்கணும்" என்றான்.

என் அம்மாவுக்கு வயது 87. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். முழங்கால் வலியைச் சாக்குச் சொல்லிப் பத்து ஆண்டாக எங்கேயும் வராதவர், அன்று விடியற்காலையிலேயே சேலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த என் மகளும் சேர்ந்துகொண்டாள். அவளுக்கு ஹூஸ்டனில் ஒரு வேலை கிடைத்திருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அண்ணனிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்றிருந்தாள்.

புந்தோங்கில் தோசையும் தே தாரேயும் முடித்துவிட்டுக் கிளம்பினோம். முதலில் தெற்கே பத்து காஜா, பிறகு வடக்கே சுங்கை சிப்புட் என்று திட்டம்.

மாளிகையும் லயமும்

பத்து காஜா போகிறவர்கள் கெல்லி மாளிகையைப் பார்க்காமல் வருவதில்லை. ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பரில் பணம் சேர்த்த வில்லியம் கெல்லி ஸ்மித், 1915இல் கட்டத் தொடங்கிய வீடு அது. மின்தூக்கிக்குக்கூட இடம் விட்டுக் கட்டினார். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள்தாம் செங்கல் சுமந்தார்கள். கட்டுமானத்தின் நடுவே கொள்ளைநோய் வந்து அவர்களில் பலர் இறந்தார்கள். தொழிலாளர்கள் கேட்டபடி பக்கத்தில் மாரியம்மன் கோயில் எழும்பியது. அதன் மேலே சாமிகளுக்கு நடுவில் கால்சட்டை போட்ட துரையின் சிலையும் நிற்கிறது. 1926இல் லிஸ்பனில் அவர் இறந்ததோடு மாளிகை வேலையும் நின்றுபோனது.

மாளிகை மாடியில் நின்று என் மகள் கணக்குப் போட்டாள். 1920களின் இறுதியில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாட்கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதாரம் சரிந்ததும் அதிலும் வெட்டு விழுந்தது. ஆனால் ஊரில் பஞ்சம் பார்த்த கண்ணுக்கு இந்தக் கூலியே பெரிதாகத் தெரிந்தது. "தாத்தாவுக்கு மலாயாதான் அமெரிக்கா" என்றாள். அக்கா மகன் சிரித்தான். அவள் சொன்னது சரிதான். யாராவது எங்கிருந்தாவது கப்பல் ஏறும்போது, போகிற நாடு பணக்கார நாடாகத்தான் தெரியும். அங்கே எந்த லயத்தில் படுக்கப்போகிறோம் என்பது போன பிறகுதான் தெரியும்.

இன்றைய கணக்கையும் பேசினோம். ஓர் ஆளுக்குச் சராசரி ஆண்டு உற்பத்தி என்று பார்த்தால், இந்தியாவில் சுமார் 2,500 அமெரிக்க டாலர், மலேசியாவில் 11,000க்குச் சற்று மேல், அமெரிக்காவில் 80,000க்கு மேல். நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2013இல் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2025இல் 1,700 வெள்ளிக்கு வந்திருக்கிறது. மகளுக்கு ஹூஸ்டனில் தருவதாகச் சொன்ன சம்பளத்தை வெள்ளியில் மாற்றினால் எனக்கே தலை சுற்றியது.

"ஆனா இங்க அரசாங்க ஆஸ்பத்திரியில ஒரு வெள்ளி கொடுத்து டாக்டரைப் பாக்கலாம் சின்னம்மா. அங்க ஆம்புலன்ஸ்ல ஏறுறதுக்கே யோசிக்கணும்" என்றான் அவன். அமெரிக்கரின் சராசரி ஆயுள் 78க்குச் சற்று மேல், நம்முடையது 75 அளவில். சம்பளத்தில் ஏழு மடங்கு தூரம், ஆயுளில் மூன்று நான்கு ஆண்டு தூரம்தான். பணம் எல்லாவற்றையும் ஒரே அளவில் வாங்கித் தருவதில்லை.

கல்லறைத் தோட்டத்தில்

பத்து காஜாவில் ஒரு பழைய கிறிஸ்துவக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அவசரகாலத்தில் கொல்லப்பட்ட தோட்ட முதலாளிகள், போலீஸ்காரர்கள், படைவீரர்கள் அங்கே அடக்கம். 1948 ஜூன் 16ஆம் நாள் காலையில் சுங்கை சிப்புட் பக்கம் சுட்டுக் கொல்லப்பட்ட மூன்று துரைமாரும் அங்கேதான் உறங்குகிறார்கள்.

எல்ஃபில் தோட்டத்து அலுவலகத்தில் ஆர்தர் வாக்கர். சைக்கிளில் வந்த மூன்று பேர் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுச் சுட்டதாகச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில், சில மைல் தொலைவில் இருந்த இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசனும் அவருடைய இளம் உதவியாளர் இயன் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டார்கள். அன்றே பேராக்கின் சில பகுதிகளில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. இரண்டு நாளில் அது மலாயா முழுவதற்கும் விரிந்தது. 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டு நீடித்தது.

அந்தக் கல்லறைகளுக்கு முன்னால் நின்றபோதுதான் அக்கா மகன் வாய் திறந்தான். "நானும் ஒன்னு வாங்கி வெச்சிருக்கேன் சின்னம்மா."

எனக்கு முதலில் புரியவில்லை. "என்னது?"

"துப்பாக்கி. பக்கத்து வீட்டுல திருடன் பூந்துட்டான். அந்த மாசமே வாங்கிட்டேன். டெக்சஸ்ல அது பெரிய விஷயமில்ல."

அவன் சொன்னது உண்மை. டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டப்படி தடையில்லாத 21 வயதுக்காரர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் கொண்டுபோகலாம். அமெரிக்காவில் மக்கள்தொகையைவிடப் பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகள் அதிகம். 2017ஆம் ஆண்டின் ஓர் அனைத்துலகக் கணக்கெடுப்பு, 100 பேருக்கு 120 துப்பாக்கி என்றது. அதே கணக்கில் இந்தியாவில் 100 பேருக்கு ஐந்து. மலேசியாவில் ஒன்றுகூட இல்லை.

காரில் நடந்த வாதம்

பத்து காஜாவிலிருந்து திரும்பி, ஈப்போவைத் தாண்டி, சிம்மோர் சுண்ணாம்புக் குன்றுகளைக் கடக்கும்வரை காருக்குள் இதே பேச்சுதான்.

அவன் தரப்பு இது: "போலீஸ் வர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆகும். திருடன் ஒரு நிமிஷத்துல உள்ள வந்துருவான். நான் என்ன செய்ய? இங்க நீங்க எல்லா சன்னலுக்கும் இரும்புக் கம்பி போட்டு, ராத்திரி ஆனா உங்களையே பூட்டிக்கிறீங்க. நான் கம்பி போடல. துப்பாக்கி வெச்சிருக்கேன்."

அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியவில்லை. எங்கள் தாமானில் கம்பி இல்லாத சன்னல் ஒன்றுகூடக் கிடையாது.

மகள் விடவில்லை. "கம்பி தவறிப்போய் யாரையும் சுடாது அண்ணா" என்றாள். அமெரிக்காவில் ஆண்டுக்கு 40,000 பேருக்கு மேல் துப்பாக்கிக் குண்டால் சாகிறார்கள். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. திருடனுக்காக வாங்கிய ஆயுதம் வீட்டிலிருப்பவரின் ஒரு கெட்ட இரவுக்குக் கைகொடுத்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு, அரசாங்கம் பணம் கொடுத்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கியது. அதுவும் பணக்கார நாடுதான். ஆகவே செல்வம் இருந்தால் துப்பாக்கி இருந்தே தீரும் என்பதில்லை.

நம் நாட்டுச் சட்டம் வேறு வகை. பழத்தோட்டக்காரர் காட்டுப்பன்றிக்காக வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கலாம். அதற்குப் போலீசிடம் உரிமம் வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொள்ளை போன்ற குற்றத்தின்போது துப்பாக்கியால் சுட்டால் கட்டாய மரண தண்டனை. 2023இல்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது. இப்போது நீதிபதி 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம்.

"இவ்வளவு கடுமை இருந்தும் இங்க சுடறாங்கதானே?" என்றான் அவன். அதுவும் உண்மை. 2013இல் கோலாலம்பூரில் வங்கி நிறுவனர் ஒருவர் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டது. உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றது. நாட்டின் மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய ஏழு விழுக்காடு. அந்தச் செய்தியைப் படித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பையன்களில் எத்தனை பேரின் தாத்தாக்கள் பால்மரம் வெட்டியவர்கள் என்று நினைத்தேன்.

காரில் யாரும் பேசவில்லை. சட்டம் துப்பாக்கியைத் தடுக்கலாம். தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, கையில் தொழிலும் நிலமும் இல்லாமல் பட்டணத்து ஓரத்துக்கு வந்த குடும்பத்தின் பையனைச் சட்டம் மட்டும் தடுத்துவிடாது.

தோட்டம் இருந்த இடம்

சுங்கை சிப்புட் ஊருக்குள் நுழைந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். துன் சம்பந்தன் பிறந்த ஊர். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். அம்மாவும் அந்தப் பத்து வெள்ளி கட்டியவர். "அப்ப எனக்கு அது பெரிய காசு" என்றார்.

எல்லாத் தோட்டத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அம்மாவின் தோட்டம் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் இருந்த மேட்டில் இப்போது செம்பனை வரிசை. பெரட்டுக் களமும் ஆயாக் கொட்டகையும் இருந்த இடம் தெரியவில்லை. முனியாண்டி சாமி மட்டும் ஒரு மரத்தடியில், துத்தநாகத் தகட்டுக்குக் கீழே இருந்தார். யாரோ புதிதாகச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள்.

அம்மா அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"எனக்குப் பத்து வயசு இருக்கும். துரையைச் சுட்டுட்டாங்கன்னு ஓடி வந்தாங்க. அதுக்கப்புறம் எங்களைச் சுத்தி முள்ளுக்கம்பி. ஆறு மணிக்கு மேல வெளிய வரக்கூடாது. வெட்டுக் காட்டுக்குச் சோறு கொண்டு போகக்கூடாது, காட்டுல இருக்கிறவங்களுக்குக் குடுத்துருவோமாம். காலையில தின்னா அப்புறம் சாயங்காலம்தான். அப்பா வெட்டுக்குப் போனா, காட்டுக்காரன் வந்து அரிசி கேப்பான், அவன் கையில துப்பாக்கி. வேலி வாசல்ல போலீஸ் சோதிப்பான், அவன் கையில துப்பாக்கி. துரை காரை இரும்புத் தகடு போட்டு மூடிட்டாரு, அவர் இடுப்புல துப்பாக்கி. எங்க கையில பால்வெட்டுக் கத்தி."

அவசரகாலத்தில் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி அந்தச் சட்டத்தில்தான் மாண்டார். தஞ்சைப் பக்கம் பிறந்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர். ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டி, 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். நேருவின் அரசு தலையிட்டும் பயனில்லை. அதே நாட்டில் அதே ஆண்டுகளில் தோட்ட முதலாளிகள் அனுமதியோடு ஆயுதம் தரித்திருந்தார்கள். துப்பாக்கிச் சட்டம் யார் கையை அவிழ்த்துவிடுகிறது, யார் கையைக் கட்டுகிறது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். இதைச் சொன்னபோது அக்கா மகன் தலையாட்டினான். "அமெரிக்காவுல துப்பாக்கி உரிமை பேசறவங்க இதைத்தான் சொல்வாங்க. அரசாங்கத்துக்கிட்ட மட்டும் இருக்கக்கூடாதுன்னு."

அம்மா அவனைப் பார்த்தார். "எல்லாருகிட்டயும் இருந்தா என்ன ஆகும்னுதான் நான் பாத்தேனே, தம்பி."

பிறகு கேட்டார்: "அந்தச் சாமானை வீட்டுல எங்க வெச்சிருக்க? பிள்ளைக்குத் தெரியுமா?"

அவனுக்கு ஆறு வயதில் மகன் இருக்கிறான். படுக்கையறையில் பூட்டுப் பெட்டியில் இருப்பதாகவும், எண் தனக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும் என்றும் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே இன்னொன்றையும் சொன்னான். பள்ளியில் மாதம் ஒரு நாள் விளக்கை அணைத்து, மேசைக்கடியில் சத்தமில்லாமல் உட்காரப் பழக்குகிறார்களாம். 2022 மே மாதம் அவர்கள் மாநிலத்தில் யுவால்டி பள்ளியில் 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் கொல்லப்பட்டார்கள். "ஒரு நாள் வீட்டுக்கு வந்து, 'அப்பா, நான்தான் ரொம்ப நேரம் சத்தம் போடாம இருந்தேன்'னான். பரிசு வாங்கின மாதிரி சொன்னான் பாட்டி."

திரும்பும் வழியில்

ஊருக்குக் கொண்டுபோக முறுக்கும் கடலையும் வாங்க, மறுபடி புந்தோங் வந்தோம். கச்சாங் பூத்தே கம்பத்தில் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. எட்டயபுரம் பக்கமிருந்து வந்தவர்கள் தொடங்கிய தொழில். இன்று பேராக் முழுக்க அவர்கள் கடலை போகிறது. அவன் நான்கு கிலோ வாங்கினான். ஹூஸ்டனில் எல்லாம் கிடைக்கிறது, இந்த ருசி மட்டும் கிடைப்பதில்லை என்றான். மாலை ஏழு மணி. சின்னப் பிள்ளைகள் தனியாகச் சைக்கிளில் கடைக்கு வந்து போனார்கள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மகள் அந்த வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டாள். நான் தடுக்கவில்லை. அம்மாவின் அப்பாவை யாரும் தடுக்கவில்லை; தடுத்திருந்தால் நாங்கள் இங்கே இல்லை. அண்ணன் வீட்டில் தங்காமல் தனியாக அறை எடுத்துக்கொள்வதாக மட்டும் சொன்னாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

கிளம்பும் அன்று அம்மா அவளுக்குத் திருநீறு பூசிவிட்டார். நன்றாகச் சாப்பிடு, குளிருக்குச் சட்டை போடு என்று எல்லாப் பாட்டிகளும் சொல்வதைச் சொன்னார். கடைசியாக ஒன்று சேர்த்தார்: "யார் வீட்டுக்குக் கூப்பிட்டாலும், துப்பாக்கி இருக்கான்னு கேட்டுட்டு உள்ள போ. கேக்குறதுல வெக்கம் இல்ல."