முட்டைக்கு 'அன்டூ' கிடையாது

முப்பது வயது வரை நான் முட்டையைக் கையால் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. ஆனால் 1997 மார்ச்சில் ஒரு நாள், கரக்பூர் கோல் பஜாரில் இருந்த என் டி.டி.பி. கடையில் உட்கார்ந்து, ஒரு கோழி முட்டையின் இடுப்பில் நூலைச் சுற்றி அளந்துகொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை விஷயமாக வந்த ஒரு வாடிக்கையாளர் வாசலிலேயே தயங்கி நின்றுவிட்டார். அச்சுக்கூடம் என்று நினைத்து வேறு எங்கோ நுழைந்துவிட்டோமோ என்று அவருக்குச் சந்தேகம்.

முட்டை, பக்கத்து குவார்ட்டர்ஸ் ஆன்ட்டியுடையது. ஆங்கிலோ இந்தியர். ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். கணவர் நீராவி எஞ்சின் டிரைவராக இருந்து காலமானவர். வங்காளத்தில் எங்களோடு வாய் நிறையத் தமிழ் பேசிய ஒரே அயல்வீட்டுக்காரர் அவர்தான். 'மேன்' என்ற விளியை ஆண், பெண் பேதமில்லாமல் வழங்குவார்.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் சர்ச் விற்பனைக்கு முட்டை ஓடுகளில் படம் வரைந்து கொடுப்பது அவர் வழக்கம். இரு முனையிலும் ஊசியால் துளையிட்டு, ஊதி உள்ளிருப்பதை வெளியேற்றி, ஓட்டைக் கழுவி இரண்டு நாள் காயவைப்பார். வினிகர் நனைத்த துணியால் துடைப்பார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சாயம் பிடிக்காது. வெங்காயச் சருகைக் கொதிக்கவைத்த தண்ணீரில் முக்கினால் செம்பழுப்பு நிறம் வரும். அதன்மேல் மூன்று சைபர் பிரஷ்ஷால் ஒரு ரயில் வண்டி. எஞ்சினும் ஏழு பெட்டிகளும் முட்டையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கடைசிப் பெட்டி எஞ்சினுக்குப் பின்னால் ஒரு நூலிழை இடைவெளியில் நிற்கும்.

அந்த வருஷம் நிற்கவில்லை. கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

"கடைசிப் பெட்டி இஞ்சின் மேல ஏறுது மேன். ஆக்சிடென்ட் ஆவுது. உன் கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

முடியும் என்று சொல்லிவிட்டேன். ஐ.ஐ.டி. மாணவர்களின் தீசிஸ்களும் விசிட்டிங் கார்டுகளும் செய்து கோரல் டிராவில் கை பழகியிருந்தது. ரயில் படத்தை ஸ்கேன் செய்து, கோடுகளைத் திருத்தி, 13.6 செ.மீ. நீளப் பட்டையாக அச்செடுத்து முட்டையில் ஒட்டினேன். நடுவில் படிந்தது. மேலும் கீழும் பாவாடைக் கொசுவம்போல் சுருங்கியது. தட்டையான காகிதம் இரண்டு பக்கமும் வளைந்த பரப்பின் மேல் சுருக்கமில்லாமல் படியாது என்பதைப் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முட்டை சொல்லித் தந்தது.

வழி, பள்ளிக்கூட பூகோள உருண்டையில் இருந்தது. அதன் படத்தை இதழ் இதழாக அச்சிட்டுத்தான் ஒட்டுகிறார்கள். என் முட்டையின் இடுப்புச் சுற்றளவு 13.6 செ.மீ. உச்சியிலிருந்து அடிவரை நூலை ஓட்டினால் 7.8 செ.மீ. சுற்றளவை எட்டாகப் பிரித்தால் ஓர் இதழின் அகலம் 1.7. உச்சியிலிருந்து ஒவ்வொரு செ.மீ. இறக்கத்திலும் நூலால் சுற்றளவை அளந்து, எட்டால் வகுத்து, நடுக்கோட்டின் இரு பக்கமும் பாதிப் பாதியாகப் புள்ளி வைத்தேன். புள்ளிகளை வளைகோட்டால் இணைத்தால் ஓர் இதழ். முட்டை ஒரு பக்கம் கூர்மை, மறு பக்கம் மொண்ணை என்பதால் இதழும் அப்படியே வந்தது. அதை 1.7 செ.மீ. தள்ளித் தள்ளி ஏழு முறை நகல் எடுத்தால் எட்டு இதழ்; எஞ்சினுக்கு ஒன்று, பெட்டிகளுக்கு ஏழு. கணக்கு அப்படி ஒத்துப்போனதில் எனக்குச் சற்று கர்வம்.

அடுத்து வந்த சங்கடங்கள் சில்லறை. பிரிண்டர் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற வசதியால் படத்தைத் தானாகச் சுருக்கியது. நூறு சதவீத அளவில் அச்சிட்டு, ஸ்கேலால் சரிபார்க்கக் கற்றேன். இங்க்ஜெட் வண்ணம் வெள்ளைப் பசை பட்டதும் அழுத மைபோல் ஓடியது; லேசர் பிரிண்டின் கறுப்பு ஓடவில்லை. மிக மெல்லிய தாளில் எடுத்தால், பசை காய்ந்தபின் தாள் கண்ணுக்கே தெரியாமல் வெங்காயச் சாயத்தின்மேல் ரயில் மட்டும் ஓடியது. எட்டு இதழ்களும் கூடும் உச்சிதான் அசிங்கமாக இருந்தது.

முட்டை வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்த என் அம்மா, வாசலுக்கு உள்ளே நின்றே பார்த்தாள். "எட்டா? ஹிருதய கமலம் போடேண்டி" என்றாள். எட்டுக் கை, கைக்கு ஐந்து புள்ளி, ஒரே இழையில் முடிகிற கோலம். உச்சியில் அதைச் சின்னதாக்கி வைத்தேன். கூடல் மறைந்துபோயிற்று.

ஈஸ்டர் விற்பனைக்கு இருபது முட்டை என்னுடைய அச்சு. ஆறு முட்டை ஆன்ட்டி நடுங்கும் கையால் வரைந்தது. ஒரே தட்டில் வைத்தோம். என் இருபதும் அரை மணியில் போய்விட்டன. அவருடைய ஆறில் ஒன்றே ஒன்று விற்றது. நான் உற்சாகத்தில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் ஆன்ட்டி பிரஷ்களை ஒரு பழைய டால்கம் பவுடர் டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார். "இனிமே நீயே பண்ணு மேன். உன் மெஷினுக்குக் கை நடுங்காது."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மழைக்காலம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகுதான் கவனித்தேன். ஆன்ட்டி வராந்தாவில் மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் சும்மா உட்கார்ந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அவர் கேட்டது கடைசிப் பெட்டி இடிக்காமல் இருக்க ஓர் உதவி. நான் ரயிலையே பறித்துக்கொண்டிருந்தேன்.

மறு வருஷம் பொங்கல் முடிந்ததும் அதே ஃபைலைத் திறந்து ஒரே ஒரு மாற்றம் செய்தேன். கறுப்புக் கோடுகளைப் பத்து சதவீதச் சாம்பலாக்கினேன். லேசர் பிரிண்டருக்குச் சாம்பல் நிறம் தெரியாது. கறுப்பையே விட்டு விட்டு வைக்கும். கோடு இருந்த இடத்தில் அங்கங்கே பொடிப் புள்ளிகள் மட்டும் விழுந்தன. ஒட்டிய முட்டையை அம்மாவிடம் தூரத்திலிருந்தே காட்டினேன். "புள்ளி வெச்சாச்சு. இனிமே போடறவ பாடு" என்றாள்.

பிரஷ் டப்பாவோடு முட்டையை ஆன்ட்டியிடம் கொடுத்தேன். வெகுநேரம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார். ரயில் முழுவட்டம் வந்து இடிக்காமல் நின்றிருந்தது. கை நடுங்கித் தாண்டிய இடங்களை எல்லாம் புகையாக மாற்றியிருந்தார். "புகைக்கு ஏன் மேன் நேர்கோடு?" என்றார்.

1998 ஈஸ்டருக்கு அவர் முடித்தவை ஒன்பது. அடுத்த ஈஸ்டரை அவர் பார்க்கவில்லை.

முட்டையும் கம்ப்யூட்டரும் எனக்கு முன்பே சந்தித்துக்கொண்டவை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கனடாவில் ஆல்பர்ட்டா மாநிலத்து வெக்ரவில் நகரில், உக்ரேனியர்களின் 'பிசாங்கா' முட்டை வடிவில் 1975-ல் ஒரு பிரம்மாண்டச் சின்னம் எழுப்பினார்கள். ஏறக்குறைய 8 மீட்டர் நீளம். முட்டை வடிவத்தைத் தட்டைத் தகடுகளால் எப்படிக் கட்டுவது என்று யூட்டா பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ரெஷ் கம்ப்யூட்டரில்தான் கண்டுபிடித்தார்: 2,208 முக்கோணங்கள், 524 நட்சத்திரங்கள். நூலும் ஸ்கேலுமாக நான் பட்ட அதே பாடு, பெரிய அளவில். அதே பிசாங்கா கலையை 2024-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறியது கையால் மெழுகிட்டுச் சாயம் ஏற்றும் வழக்கம்.

இன்று இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் வரைந்து அனுப்பினால், முட்டையைச் சுழற்றிப் பேனாவால் தானே வரைந்துவிடும் 'எக்பாட்' என்ற சிறு இயந்திரமும் இருக்கிறது. நல்ல இயந்திரம். அது புகை விடுமா என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

என் டி.டி.பி. கடை மூடிப் பல வருஷமாகிறது. ரயில் ஃபைல் இருந்த ஃப்ளாப்பியைப் படிக்கும் கருவி இப்போது என்னிடம் இல்லை. இருந்தாலும் பூஞ்சை பிடித்த அந்த வட்டு வாய் திறக்காது. சேமித்து வைத்த ஃபைல் போயிற்று. ஊதினால் பறக்கும் ஓடு இருக்கிறது. ஆன்ட்டியின் ஒன்பதில் ஒன்றை அவர் மகன் எனக்குக் கொடுத்தார். அம்மா தன் கடைசிக் காலத்தில் அதை ஷோகேஸில் வைக்க அனுமதித்தாள். சாமி அறைக்கு எதிர்ச்சுவரில் வேண்டாம் என்ற ஒரே நிபந்தனையோடு.

முட்டையில் ஒட்ட டிசைன் செய்து தரச் சொல்லி இப்போதும் யாராவது கேட்பதுண்டு. அளவும் இதழ்க் கணக்கும் சொல்லித் தருகிறேன். எந்தக் கையில் போய்ச் சேரப் போகிறது என்று கேட்டுக்கொண்ட பிறகுதான், கோட்டின் கறுப்பு எத்தனை சதவீதம் என்று முடிவு செய்கிறேன்.