பனிக்கு முன்பே தோற்ற படை

நெப்போலியனை வென்றது ரஷ்யப் பனிக்காலம் என்னும் வாக்கியத்தை வகுப்பறையிலும் மேடையிலும் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு இனிய வாக்கியம்தான். ஆனால் நாட்காட்டி அதற்கு உடன்படுவதில்லை.

1812 ஜூன் 24 அன்று பெரும்படை நீமென் ஆற்றைக் கடக்கத் தொடங்கியது. பிரெஞ்சுப் பொறியாளர் சார்லஸ் மினார் 1869இல் வரைந்த புகழ்பெற்ற வரைபடம் அதன் எண்ணிக்கையை 4,22,000 என்கிறது. மாஸ்கோவை அடைந்தோர் 1,00,000 பேர். குறைந்தோர் அனைவரும் மாண்டவர் அல்லர். வழிக்காவலுக்கு நிறுத்தப்பட்டோரும் ஓடிப்போனோரும் உண்டு. ஆயினும் மாஸ்கோவுக்குள் நுழைந்த நாள் செப்டம்பர் 14. பனி அதுவரை விழவேயில்லை.

படையை அரித்தவை வேறு. தொடக்க நாட்களிலேயே பெருமழை பெய்து பாதை சேறாயிற்று. முற்றாத பச்சைப்பயிரைத் தின்ற குதிரைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. குதிரையின்றி உணவு வண்டிகள் பின்தங்கின. கோடை வெயிலும் டைஃபஸ் காய்ச்சலும் எஞ்சியோரை வாட்டின. செல்லும் ஊரிலேயே உண்டு விரைந்து முன்னேறுவது நெப்போலியனின் போர்முறை. வளம் செறிந்த இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அது வென்றது. ஊர்கள் அருகிய ரஷ்யாவிலோ, பின்வாங்கிய படை எதிரிக்கு எதையும் விட்டுவைக்கவில்லை.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். முதலாவதை மட்டும் பயின்றவன் என்ன ஆவான் என்பதற்கு இப்படையெடுப்பே உரை. அறிவுரை கிடைக்காமலும் இல்லை. ரஷ்யாவில் தூதராக இருந்த கோலேன்கூர், ஜார் எளிதில் பணியமாட்டார் என்று முன்பே எச்சரித்திருந்தார்.

வரலாற்றில் பேரரசர்களின் சித்தத்துக்குப் பெரிய இடமில்லை என்பது ‘போரும் அமைதியும்’ நாவலில் டால்ஸ்டாயின் வாதம். இங்கே அவரோடு முழுதும் உடன்பட என்னால் இயலவில்லை. எரிந்த மாஸ்கோவில் 35 நாட்கள், வராத சமாதானக் கடிதத்துக்காகக் காத்திருந்தது சேறும் அன்று, காய்ச்சலும் அன்று. ஒரு மனிதனின் முடிவு. வென்றவனிடம் தோற்றவன் பேச வந்தே தீரவேண்டும் என்ற நம்பிக்கை அது. தலைநகர் போன்றதொரு நகரை இழந்த பிறகும் ரஷ்யா தோல்வியை ஒப்பவில்லை.

அக்டோபர் 19இல் புறப்பட்டார். தெற்குப் பாதையில் செல்ல முயன்று, மாலோயாரோஸ்லாவெத்ஸ் போருக்குப் பின், தம் படையே சூறையாடி வெறுமையாக்கிய ஸ்மோலென்ஸ்க் சாலைக்குத் திரும்பினார். கடுங்குளிர் நவம்பரில்தான் வந்தது. ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்ததை அது முடித்துவைத்தது. மினாரின் கணக்கில் திரும்பியோர் 10,000.

பனியின்மீது பழியைச் சுமத்திய முதற்குரல்களுள் நெப்போலியனுடையதும் ஒன்று. டிசம்பர் 3 தேதியிட்ட 29ஆம் அறிக்கை, படையின் அழிவுக்குக் குளிரையே காரணமாக்கியது. பேரரசரின் உடல்நலம் மிகச் சிறப்பாக இருக்கிறது என்ற செய்தியுடன் அது முடிகிறது. பனியைக் குறை சொல்லும்போதெல்லாம் நாம் அந்த அறிக்கையைத்தான் மறுபடி வாசிக்கிறோம்.