சிலவும் இலவும்

மணமாகி நான்காண்டுகள் மகப்பேறின்றி வாடிய என் மகள், மருத்துவர் தந்த சீட்டை நீட்டினாள். ‘ஒலிகோ ஓவுலேஷன்’ என்றிருந்தது. “நான் மலடியா, அப்பா?” என்றாள், குரல் தழுதழுத்தது.

யான் மருத்துவன் அல்லேன், சொல்லாராயும் ஆசிரியன். அகராதியைப் புரட்டினேன். ‘ஒலிகோஸ்’ கிரேக்கச் சொல். சில, சிறிது என்பது பொருள். ‘ஓவுலேஷன்’ என்பதன் வேரான ‘ஓவுலம்’ இலத்தீன். சிறு முட்டை எனப்படும். இரு மொழியும் இணைந்த கலப்புச்சொல் இது. சினைமுட்டை அரிதாக வெளிப்படுகிறது என்பதே கருத்து. அறவே வெளிப்படாமையைக் குறிக்கக் கிரேக்க எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்த ‘அன்ஓவுலேஷன்’ என்னும் சொல் வேறாக உண்டு.

“சில வேறு, இல வேறு, அம்மா. உன் சீட்டில் இருப்பது ‘சில’தான்” என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுநாளே மருத்துவரிடம் புறப்பட்டாள். சொல்லின் வேரறிதல் தேர்வுக்கு மட்டுமன்று, மாணவர்களே. சிலபோது நெஞ்சுக்கும் உதவும்.