வாசலிலிருந்து வாசலுக்கு

கம்பத்தில் யாரிடமாவது, "மதுரை எவ்வளவு தூரம்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டரில் பதில் வராது. "பஸ்ல மூணு மணி நேரம்" என்பார்கள். விமானத்துக்கும் எங்க ஊர்க் கணக்குதான் சரி.

மாலத்தீவின் தெற்குக் கோடியில், பூமத்திய ரேகைக்கும் கீழே, கான் என்றொரு தீவு. 1976 வரை பிரிட்டிஷ் விமானப்படை இருந்த இடம். அந்த விமான நிலையத்திலிருந்து தலைநகர் மாலேயின் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 540 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கம்பத்துக்கு ரோட்டில் வருகிற தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நமக்கு ஒரு ராத்திரி முழுக்க பஸ். அங்கே ஒன்றேகால் மணி நேரம்!

மாலேயிலிருந்து கொழும்பு 770 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். கொழும்பிலிருந்து மதுரை 350 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். கவனித்தீர்களா? தூரம் பாதிக்கும் கீழே குறைந்தும், நேரம் பாதியாகவில்லை. நான் பி.காம். படித்தவன். இதற்கு எங்கள் பாடத்தில் ஃபிக்சட் காஸ்ட் என்று பெயர். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது... பக்கத்து ஊரோ தூர தேசமோ, இந்தச் செலவு மாறாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் என் சித்தப்பா இறந்துபோனார். மகன், கானுக்குப் பக்கத்துத் தீவில் ரிசார்ட் சமையல்காரன். பந்தலில் இருந்த பெரியவர், "நீதான் பத்திரிகைக்காரனாச்சே, பய எப்ப வருவான்?" என்றார். மூன்று விமானம், பறப்பது நாலு மணி நேரத்துக்கும் குறைவு என்றேன்.

"அப்ப பொழுது சாயறதுக்குள்ள எடுத்துரலாம்ல?"

"இல்ல மாமா. படகு, ஏர்போர்ட்ல காத்துக் கிடக்குறது, மதுரையிலருந்து கார்... எல்லாம் இருக்கு. நாளைக்குச் சாயங்காலம்னு வச்சுக்கங்க."

ஐஸ் பெட்டி வந்தது. மறுநாள் மூன்று மணிக்கு மேல் கொள்ளி வைக்கத் தம்பி வந்து சேர்ந்தான். அதுவரை சித்தி அழவில்லை. "எங்க வந்துக்கிட்டிருக்கான்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

தூரம் சுருங்குவதில்லை, நேரம்தான் சுருங்கும், நீளும். அகலப் பாதைக்காக 2010 கடைசியில் மதுரை - போடி ரயிலை நிறுத்தினார்கள். தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். மதுரையிலிருந்து தேனிக்கு இப்போது ஒரு மணி நேரமும் கொஞ்சமும்தான். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்க்காரர்களுக்கு இன்னும் ரோடுதான்.

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களே, டிக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அவன் தங்கியிருக்கிற வாசலிலிருந்து உங்கள் வாசல் வரைக்கும் கூட்டிப் பாருங்கள். வீட்டில் அம்மா கேட்பது அந்தக் கணக்கைத்தான்.