பீமன் பார்க்காத ஏரி

“ஒரு ஏரியைப் பார்க்க ரெண்டு நாள் லீவா?” என்றார் மானேஜர். “போரூர்ல ஒண்ணு இருக்கேய்யா. காலையில ஆட்டோ பிடிச்சா மத்தியானம் ஸீட்டுக்கு வந்துடலாமே!”

நான் போக நினைத்த ஏரி 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைச் சொன்னால், “உயரம் ஜாஸ்தின்னா லீவும் ஜாஸ்தி வேணுமா?” என்று கிண்டலாகக் கேட்பார் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. கேட்டிருக்கலாம். இந்தக் கட்டுரையிலேயே புத்திசாலித்தனமான கேள்வி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஏரியின் பெயர் சந்திரதால். ஹிமாசலப் பிரதேசத்தில், லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், சந்திரா நதிக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. ‘தால்’ என்றால் ஏரி. பிறைச் சந்திரன் மாதிரி வளைந்திருப்பதால் சந்திரதால். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். அதன் தலைமேல் இன்னொரு 1,600 மீட்டரை அடுக்கினால் ஏரிக்கரை வரும். அங்கே கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்குவது என்று திட்டம்.

மூன்று பேர் கிளம்பினோம். நிஜப் பெயர்களைப் போட்டால் அவரவர் வீட்டம்மாக்கள் இனி மெரினாவுக்குக்கூட அனுப்ப மாட்டார்கள். அதனால் ஒருவன் ‘பாங்க்’. அங்கேதான் வேலை. இன்னொருவன் ‘பீமன்’. இன்ஷூரன்ஸ் ஆபீஸ். தினமும் காலை ஐந்தரைக்கு ஜிம், ராத்திரி ஆறு முட்டை (வெள்ளை மட்டும்). நாங்கள் இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்கும்போது, அவன் எங்கள் பைகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஏறுவான்.

வெள்ளிக்கிழமை காலை சென்னையில் விமானம். சாயங்காலம் பஸ். சனிக்கிழமை காலை மணாலி. அங்கேயே டாக்ஸி. சாயங்காலம் ஏரி. ஞாயிறு இறக்கம். செவ்வாய் காலை ஆபீஸ். நான் பி.காம். ஆச்சே! ஒரு நிமிஷம்கூட வீணாகாமல் பேப்பரில் கட்டம் போட்டு பாலன்ஸ் பண்ணியிருந்தேன்.

டாக்ஸி டிரைவர் லாஹௌல்காரர். ஐம்பது வயதிருக்கும். எங்கள் இந்தி கிரிக்கெட் வர்ணனையில் கற்றது. ‘சௌக்கா’, ‘சக்கா’ தாண்டினால் தடுமாற்றம். ஆனாலும் அவர் சொன்னது புரிந்தது. “சார்ஜி, இன்னிக்கு சிஸ்ஸுவுலயே தங்குங்க. நாளைக்கு மேலே போலாம்.”

“நஹி, நஹி, கேம்ப் புக்கிங்!” என்றோம் மூவரும் கோரஸாக. டிரைவர் தோளைக் குலுக்கிவிட்டு கியரை மாற்றினார்.

2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை, 9.02 கிலோமீட்டர். முன்பெல்லாம் ரோதங் கணவாயில் ஏறி இறங்க அரை நாள் போகும். இப்போது ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பிப்பதற்குள் மலையின் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் தேவதாரு மரங்கள், அந்தப் பக்கம் மொட்டை மலைகள். கிராம்பூ தாண்டியதும் ரோடு என்று ஒன்று இல்லை. ஆற்றுப் படுகையில் பாறைகள் கிடக்கும். அதில் எந்தப் பாறைமேல் சக்கரம் ஏறினால் கவிழாது என்று டிரைவருக்கு மட்டும் தெரியும். சத்ரூ, பாதல் எல்லாம் தாண்டி சாயங்காலம் ஐந்து மணிக்கு கேம்ப்.

ஏரிக்கரையில் கூடாரம் போட அனுமதி கிடையாது. 2005-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம் அது. 49 ஹெக்டேர்தான். கோடையில் சக்கரவாகப் பறவைகள் வரும். கட்டி இடையர்கள் ஆடு மேய்த்துக்கொண்டு வருவார்கள். அதனால் கூடாரங்களை இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு. அத்தனை பேரும் கரையில் படுத்தால் காலையில் ஏரிக்கு என்ன கதி என்பதை விளக்க வேண்டியதில்லை.

“நீங்க போய்ட்டு வாங்கடா. நான் கொஞ்சம் படுக்கறேன். பஸ்ல தூக்கமில்ல, லேசா தலைவலி” என்றான் பீமன்.

“சூரிய உதயத்துக்கு வந்துடுவே இல்ல?”

“பின்னே?”

போனோம். டாக்ஸியை நிறுத்திவிட்டுக் கடைசி ஒரு கிலோமீட்டர் நடை. ஐம்பது அடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினோம். ஒரு மேடு ஏறி இறங்கினால்... ஏரி.

வர்ணிக்க எனக்கு வராது. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். முதலில் நீலம். ஒரு மேகம் வந்தது, பச்சை. வெயில் மலை உச்சிக்கு ஏறியதும் வெண்கலம். தண்ணீருக்கு அடியில் கூழாங்கற்களை எண்ணலாம். எதிர்க்கரையில் பனிமலைகள். அவற்றின் தலைகீழ்ப் பிரதி தண்ணீரில். சத்தம் எதுவும் கிடையாது. என் காதுக்குள் என் ரத்தம் ஓடுவதுதான் கேட்டது. சற்றுக் கீழே ஓடும் சந்திரா நதி, தாண்டியில் பாகா நதியைச் சந்தித்து, அப்புறம் செனாப் என்ற பெயரில் பாகிஸ்தான் வரை போகிறது.

தர்மர் உடம்போடு சொர்க்கத்துக்குப் போனது இந்தக் கரையிலிருந்துதான் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. இந்திரன் தேர் கொண்டுவந்தானாம். மலை ஏறும் வழியில் திரௌபதியும் தம்பிகளும் ஒவ்வொருவராக விழுந்துவிட்டார்கள். “எல்லாம் ஆல்டிட்யூட் ஸிக்னெஸ்தான்” என்றான் பாங்க். சிரித்தோம். தம்பிகளில் கடைசியாக விழுந்தது பீமன் என்பது அப்போது இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதில் ஒரு நிமிஷம்கூடக் கூடாரத்தில் படுத்திருப்பவனை நினைக்கவில்லை. இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வருகிறேன்.

ராத்திரி சாப்பாடு ராஜ்மா, சாதம். அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. நான் கொண்டுபோன ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கியது. கும்பகோணம் என்று சொல்ல முடியாது. கும்பகோணத்துக்குப் போகிற வழி என்று சொல்லலாம்.

பீமன் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. “பசிக்கல.” ஆறு முட்டைக்காரன் பசிக்கவில்லை என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாளைக்குச் சரியாகிவிடும் என்று மூன்று ரஜாய்க்குள் புகுந்துகொண்டேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே. பாட்டிலில் தண்ணீர் ஓரமாகக் கட்டிதட்ட ஆரம்பித்திருந்தது.

ஒன்றரை மணி. யாரோ வாந்தியெடுக்கும் சத்தம். டார்ச் அடித்தேன். பீமன் கூடார வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டவில்லை... கட்ட முயன்றுகொண்டிருந்தான். இரண்டு நுனிகளையும் கையில் வைத்துக்கொண்டு, முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி பார்த்தான்.

“என்னடா?”

“ஆபீஸுக்கு லேட்டாச்சு” என்றான்.

எனக்கு அடிவயிறு ஜில்லென்றது. பாங்க் ஓடிப்போய் கேம்ப்காரரை எழுப்பிவந்தான். அவர் பேசவே இல்லை. தரையில் டார்ச்சால் ஒரு கோடு காட்டி, அதன்மேல் அடிப்பிரதட்சணம் மாதிரி குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னார். பீமன் இரண்டாவது அடியில் என்மேல் சாய்ந்தான். எண்பத்தைந்து கிலோ. கேம்ப்காரர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் போர்வையை உதறிவிட்டுச் சாவியை எடுத்தார்.

உயரத்தில் வெறும் தலைவலி என்றால் ஏறாமல் அங்கேயே ஓய்வெடுக்கலாம். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தால் நுரையீரலில். இரண்டுமே உயிரை வாங்கும். முதல் மருந்து கீழே இறங்குவது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கேம்ப்காரர் கொடுத்த ஆக்ஸிஜன் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு இறங்கினோம். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு. நிலா இருந்தது. பக்கத்தில் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தெளிவாகக் காட்டியது. வழியில் ஓடைகள். பகலில் வெயிலுக்குப் பனி உருகி இதெல்லாம் பொங்கி ஓடும். ராத்திரிக் குளிரில் உருகுவது நின்று, விடியற்காலையில் தண்ணீர் அடங்கியிருக்கும். “இந்த ஒரு விஷயத்துல நமக்கு அதிர்ஷ்டம், சார்ஜி” என்றார் டிரைவர். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பி “பாத் கரோ, பாத் கரோ” என்றார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரு என்கிறார். என்ன பேசுவது? பீமனிடம் அவன் வீட்டு விலாசத்தைக் கேட்டேன். முதல் தடவை தெரு பெயர் வரவில்லை. பாதல் தாண்டி வந்தது. சத்ரூ, சுமார் 3,300 மீட்டர். அங்கே கேட்டபோது பின்கோடு வரை சொல்லிவிட்டு, “ஏண்டா சும்மா சும்மா கேக்கறே?” என்று எரிந்து விழுந்தான்.

அவ்வளவு இனிமையான திட்டை நான் வாழ்க்கையில் வாங்கியதில்லை.

மணாலியில் ஆஸ்பத்திரி. டாக்டர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “சென்னையிலிருந்து எத்தனை மணி நேரத்தில் அங்கே போனீர்கள்?”

“முப்பத்தாறு” என்றேன். காலையில் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்த எண்.

அவர் விளக்கினார். சந்திரதால் காற்றிலும் ஆக்ஸிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். ஒவ்வொரு மூச்சுக்கும் பத்து ரூபாய் கொடுத்து ஆறு ரூபாய்ச் சரக்கு வாங்குகிறோம். உடம்பு இதைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளும். வேகமாக மூச்சு விடும், சிறுநீரைக் கூடுதலாகத் தள்ளும், ரத்தத்தை மாற்றிக்கொள்ளும். அதற்கு நாள் வேண்டும். ஜிம் உடம்பு, நோஞ்சான் உடம்பு என்று மலை பேதம் பார்ப்பதில்லை. பலசாலிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அவன் வலியை வெளியே சொல்ல மாட்டான்.

நீங்கள் போவதாக இருந்தால் கணக்கு இதுதான். முதல் ராத்திரியே 2,750 மீட்டருக்கு மேல் படுக்காதீர்கள். 3,000 தாண்டிய பிறகு, படுக்கும் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளைக்கு ஒரு நாள் ஓய்வு. குடி வேண்டாம். மலைக்கென்று இருக்கும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். சீசன் ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை. அதிலும் வானிலை பார்க்க வேண்டும். 2023 ஜூலையில் சுமார் 300 பேர் இங்கே பனியில் சிக்கி, சில நாள் கழித்துத்தான் மீட்கப்பட்டார்கள்.

மணாலி வழியைவிட சிம்லா வழி நல்லது. கின்னௌரில் ஓரிரு ராத்திரி, தாபோவில் ஒரு ராத்திரி (சுமார் 3,300 மீட்டர், 996-ல் கட்டிய புத்த மடாலயம் உண்டு), காஸாவில் இரண்டு ராத்திரி (சுமார் 3,700), அப்புறம் குன்ஸும் கணவாய் தாண்டி சந்திரதால். ஒன்பது நாள் ஆகும். ஒன்பது நாள் லீவு கிடைக்காது என்கிறீர்களா? அப்படியானால் போரூர். கிண்டல் இல்லை, நிஜமாகச் சொல்கிறேன்.

ஞாயிறு சாயங்காலம். பீமன் கட்டிலில் சாய்ந்து இட்லி கேட்டுக்கொண்டிருந்தான். கிச்சடி கிடைத்தது.

“முதல்லயே ஏண்டா சொல்லல?” என்றேன்.

“டிரைவர் சிஸ்ஸுவுல தங்கச் சொன்னப்பவே தலைவலி ஆரம்பிச்சாச்சு. சொன்னா நீங்களும் தங்கணும். உங்க ரெண்டு பேர் லீவும் வேஸ்ட்டாயிடுமே...”

இதற்கு என்ன பதில் சொல்வது? ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன்.

“ஏரி எப்படிடா இருந்துச்சு?” என்றான்.

பாங்க் போனை எடுத்து போட்டோ காட்டப் போனான். அவன் கையை அழுத்தினேன்.

“போரூர் மாதிரிதாண்டா. அதைவிடச் சின்னது.”

போன வாரம் மானேஜரிடம் மறுபடி லீவு லெட்டர் நீட்டினேன். ஒன்பது நாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

“அதே ஏரியா? போன தடவைதான் பார்த்துட்டு வந்தியேய்யா?”

“நான் பார்த்தேன் சார். பீமன் பார்க்கலை.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் பேனாவைத் தேட ஆரம்பித்தார்.